விசேட கல்வி அலகை விட்டு வரும் பிள்ளை எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் உங்கள் பத்திரிகையில் வருகின்றன. பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. பரீட்சை மண்டபத்துக்குள் காலே வைக்காமல் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த ஒரு பிள்ளையின் தாயாக இதை எழுதுகிறேன்.

என் மகன் 2008 இல் பிறந்தவன். முதலாவது பிறந்தநாள், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், கூடாரத்துக்குள் கழிந்தது. பேச்சும் நடையும் பிந்தித்தான் வந்தன. மீள்குடியேறிய பின்பு அவனைச் சேர்த்த பாடசாலையில் இப்படியான பிள்ளைகளுக்கென்று விசேட கல்வி அலகு இருந்தது எங்கள் பாக்கியம். சட்டைக்குப் பொத்தான் பூட்டவும், காசைப் பிரித்து எண்ணவும், தன் பெயரை எழுதவும் அந்த ஆசிரியைதான் பழக்கினார். எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் அவனுக்கு வரவில்லை. பதினாறு வயது முடிந்ததும், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஏழெட்டு மாதம் விறாந்தையில் படலையைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு அவனுடைய தகப்பன் சந்தியிலுள்ள சைக்கிள் கடையில் கொண்டுபோய் விட்டார். இப்போது அவன் ஒட்டுப் போடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். காற்றடித்த டியூபைச் சிறிது சிறிதாக வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துவான். குமிழி கிளம்பும் இடத்தில் பெருவிரலை வைத்தால், துடைத்து அடையாளம் போடும்வரை அந்த விரலை எடுக்கமாட்டான். அந்த இடத்தைச் சுரண்டி, பசை பூசி, அது காயும்வரை பொறுத்திருப்பான். அவசரப்படுகிறவர்கள் போட்ட ஒட்டுத்தான் கழன்று திரும்பி வருகிறது, தம்பி போட்டது வருவதில்லை என்கிறார் கடைக்காரர்.

இந்தக் கைக்கு ஒரு சான்றிதழ் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனோம். சாதாரண தரம் எழுதினாரா என்பதுதான் முதல் கேள்வி. விண்ணப்பத்தை அவரே வாசித்து நிரப்ப வேண்டும் என்பது இரண்டாவது. என்ன வேலை தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அவன் கையில் மசகு எண்ணெய்க் கறை இருந்தது. அதைப் பார்த்திருந்தாலே போதும்.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளி என்ற காரணத்தால் ஒருவரை வேலைக்கோ கல்வி நிறுவனத்துக்கோ சேர்க்காமல் விடக்கூடாது என்கிறது. அரச வெற்றிடங்களில் 3 வீதத்தை அவர்களுக்கு ஒதுக்கும்படி 1988 இலேயே சுற்றறிக்கை வந்தது. ஆனால் அதற்குரிய தகைமை இருக்க வேண்டும். அந்தத் தகைமையை வன்னியில் எங்கே பெறுவது? 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி, சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களுக்கும் தொழிற்பாடம் படிக்க வழி திறந்தது. நல்ல திட்டம். பரீட்சைக்கே இருக்காத பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் சீதுவையிலும் வத்தேகமையிலும் உள்ளன என்றார்கள். தமிழ் தவிர வேறு மொழி அறியாத, இரவில் என் குரல் கேட்காவிட்டால் நித்திரை கொள்ளாத பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவேன்?

கிளிநொச்சிக்குப் போகும் போதெல்லாம் அறிவியல்நகரில் பஸ் நின்றால், இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்கு வரும் பிள்ளைகளை என் மகன் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான். அவனை அந்த வகுப்பில் இருத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு வகுப்பறை சரிவராது என்பது எனக்கே தெரியும். வேலைத்தளத்தில் வைத்தே பழக்கும் பயிலுநர் முறை நாட்டில் இருக்கிறது. படிப்பு இல்லாமல் அனுபவத்தால் தொழில் கற்றவரைச் செய்முறையில் சோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் இருக்கிறது. மேசன்மாரும் தச்சர்மாரும் அப்படிப் பெற்றிருக்கிறார்கள். அதே சோதனையை இந்தப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாக, சற்று நேரம் கூட்டிக் கொடுத்து நடத்தினால் என்ன? கேள்வியை வாசித்துக் காட்ட ஒரு ஆள் போதும். ஒட்டை அவன் போட்டுக் காட்டுவான்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்போதே அலகின் ஆசிரியையும், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரும், பெற்றோரும் ஒரு மேசையில் இருந்து பேச வேண்டும். பிள்ளைக்கு எந்த வேலை பிடிக்கும், எந்தச் சத்தம் பிடிக்காது, எவ்வளவு நேரம் இருப்பான் என்பதெல்லாம் ஆசிரியைக்குத் தெரியும். என் மகனைப் பற்றி அவர் அறிந்தது எதுவும் தாளில் எழுதப்படவில்லை. அவரும் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்.

எங்கள் அலகிலிருந்து வருகிற மார்கழியோடு இன்னும் மூன்று பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். ஒருத்தி நன்றாகப் பாய் இழைப்பாள். அவளுடைய தாய் நேற்று என்னிடம் வந்து, நீங்கள் எங்கே போய்க் கேட்டீர்கள் என்று விசாரித்தார். வலயக் கல்வி அலுவலகமும் மாவட்டச் செயலகமும் அவருக்குச் சொல்ல ஒரு பதிலை உங்கள் பத்திரிகை ஊடாகவேனும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
துணுக்காய்.