ஒன்பது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

குன்னூர்ப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். மழை பிடித்துவிட்டது, பெட்போர்டு இறக்கத்தில் ரோட்டோரமெல்லாம் பாசி. நேற்று சாயங்காலம் யூனிஃபார்மோடு மூன்று பையன்கள் ஒரே ஸ்கூட்டரில், ஹெல்மெட் இல்லாமல், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்கள். பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் தயவுசெய்து சாவியைக் கொடுக்காதீர்கள். 2019 சட்டத் திருத்தப்படி வண்டி தந்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.

இன்னொன்று. திட்டுவோம் என்று பயந்து விழுந்ததையே மறைப்பார்கள். தலையில் அடிபட்டவன் எழுந்து நன்றாகப் பேசினாலும் அன்றிரவு கண்காணியுங்கள். வாந்தி, குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழாத மயக்கத் தூக்கம் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.