ரிக்கற்றில் ஒரு வரி: வடமாகாணச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வைத்திய நிபுணர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் உள்நோயாளர் ரிக்கற்றுகளுக்கு, அதாவது வாட்டில் நோயாளியின் விபரம் எழுதப்படும் பதிவுகளுக்கு, ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டின்படி குறியீடு போடும் வேலை என்னுடையது. அண்மையில் ஒரு ரிக்கற் என்னை நிறையவே யோசிக்க வைத்தது. தைரொயிட் அகற்றப்பட்ட ஒரு அம்மாவுடையது. அவர் வீடு போன அன்று எழுதப்பட்ட நோய் நிர்ணயம் பல்கணுக் கழலை, அதாவது புற்றுநோயல்லாத தைரொயிட் வீக்கம்; குறியீடு ஈ04.2. வெட்டி எடுத்த இழையத்தைப் பரிசோதித்து, சில கிழமைகளின் பின் வந்த நோயியல் அறிக்கை அதே ரிக்கற்றின் கடைசியில் குத்தப்பட்டிருந்தது. அதில் பப்பிலரி கார்சினோமா, அதாவது தைரொயிட் புற்றுநோயின் ஒரு வகை, என்று இருந்தது. அதற்குரிய குறியீடு சி73.

"அறிக்கைதான் கையில் இருக்கிறதே, மாற்றிவிடுங்கோவன்" என்று ஒரு இளம் வைத்தியர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அது என் வேலை அல்ல. நோயியல் நிபுணர் பார்ப்பது இழையத்தை; நோயாளியை முழுதாகப் பார்ப்பவர் நீங்கள். குடல்வால் அழற்சி என்று வெட்டி எடுத்த குடல்வால் சாதாரணமாக இருந்தது என்று அறிக்கை வந்தால், அந்த வயிற்றுவலிக்கு என்ன பெயர்? அறிக்கையில் "சந்தேகம்" என்று மட்டும் இருந்தால்? இதை ஒரு பதிவாளர் தீர்மானிக்கக்கூடாது. அமெரிக்காவிலும் உள்நோயாளருக்கு நோயியல் அறிக்கையை மட்டும் வைத்துக் குறியீடு போடுவதில்லை. சிகிச்சையளிக்கும் வைத்தியர் உறுதிப்படுத்த வேண்டும்.

நீங்கள் உறுதிப்படுத்தாமல் இல்லை, அது எனக்குத் தெரியும். கிளினிக்கில் அறிக்கையைப் பார்த்து, நோயாளியின் கொப்பியில் எழுதுகிறீர்கள். அந்தக் கொப்பி அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. ரிக்கற் எங்கள் அறையில், பழைய பெயரோடு கிடக்கிறது. அந்தப் பெயர்தான் உள்நோயாளர் புள்ளிவிபரமாகக் கொழும்புக்குப் போகிறது. அங்கே அந்த அம்மா கழலை நோயாளி. எங்கள் பக்கத்துப் புற்றுநோய்க் கணக்கில் அவர் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் விதி, சிகிச்சைக் காலத்தின் முடிவில் அறியப்பட்ட நோயையே பிரதான நோயாகக் கொள்ளச் சொல்கிறது. எங்கள் ஊரில் அந்த முடிவு பெரும்பாலும் வீடு போன பிறகுதான் தெரியவருகிறது.

ஆகவே கேட்கிறேன். இழையம் பரிசோதனைக்குப் போயிருந்தால், வீடு அனுப்பும்போது "அறிக்கை வரவேண்டும்" என்று ரிக்கற்றில் எழுதிவிடுங்கள். அந்த ரிக்கற்றுகளை நாங்கள் புறம்பாக எடுத்துவைப்போம். அறிக்கை வந்ததும் உங்கள் கிளினிக்குக்கு நாங்களே கொண்டுவருகிறோம். இறுதி நோய் நிர்ணயத்தை ஒரு வரியில் எழுதி, திகதியிட்டு, கையொப்பம் வையுங்கள். குறியீட்டை அன்றே மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
மருத்துவப் பதிவறை ஊழியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.