பதிவேட்டில் நேரத்தைப் பார்

அன்பு மகளுக்கு,

பல இனங்களும் மதங்களும் ஒரே நாட்டில் கலந்து வாழ்வதால்தானே உள்நாட்டுப் போர் மூள்கிறது என்று கேட்டிருந்தாய். மனித உரிமை மீறல்களை ஆவணப்படுத்தக் களத்துக்குப் போகுமுன் இந்த எண்ணத்தை இறக்கி வைத்துவிடு. இல்லாவிட்டால் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருப்பாய்.

1945 முதல் 1999 வரை மூண்ட 127 உள்நாட்டுப் போர்களை எடுத்து அரசியல் அறிஞர்கள் ஜேம்ஸ் ஃபியரனும் டேவிட் லைட்டினும் 2003இல் ஆராய்ந்தார்கள். வருமான அளவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, இனக் கலப்பு கூடினால் போரும் கூடுகிறது என்பது நிற்கவில்லை. ஏழ்மை, பலவீனமான அரசு, ஒளிந்துகொள்ள மலைப்பகுதி ஆகியவைதான் முன்னுக்கு வந்தன. மக்களின் மனக்குறையையும் அவர்கள் ஓரங்கட்டிவிட்டார்கள். அதை என்னால் ஏற்க முடியாது, ஏனென்றால் குறையை அளக்க அவர்கள் எடுத்த அளவுகோல் மேலோட்டமானது. 2010இல் செடர்மன், விம்மர், மின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கேள்வியை மாற்றினார்கள்: ஆட்சியில் பங்கில்லாமல் ஒதுக்கப்பட்டிருப்பது எந்தச் சமூகம்? அப்படி ஒதுக்கப்பட்டவர்கள், அதிலும் அண்மையில் அதிகாரத்தை இழந்தவர்கள் பெயரால் கிளர்ச்சி எழும் வாய்ப்பு தெளிவாகவே கூடியிருந்தது.

இதோடும் கதை முடியவில்லை. ஒதுக்கப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் ஆயுதம் எடுப்பதில்லை. சண்டைக்குப் போனால் சாவு, வீட்டில் அடங்கிக் கிடந்தால் பிழைக்கலாம் என்பது எளிய கணக்கு. 'ஒன்றும் செய்யாதவனுக்கு ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் அந்தக் கணக்கு செல்லும். வீட்டில் இருப்பவனையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றால், காட்டுக்குப் போவதில் கூடுதல் ஆபத்து என்ன இருக்கிறது?

வட அயர்லாந்தைப் பார். 1971 ஆகஸ்ட் 9 விடியற்காலையில் பிரிட்டிஷ் ராணுவம், கிளர்ச்சியாளர்கள் என்ற சந்தேகத்தில் 342 பேரை விசாரணையின்றிக் காவலில் வைக்க அள்ளிக்கொண்டு போனது. கையில் இருந்த பெயர்ப்பட்டியல் பழசு. தேடப்பட்டவர்களில் பலர் முன்பே நழுவியிருந்தார்கள், தொடர்பே இல்லாதவர்கள் மாட்டினார்கள். நூறு பேருக்கு மேல் இரண்டு நாளில் விட்டுவிட வேண்டியதாயிற்று. சிலருக்குத் தலையில் முகமூடிப் பை, சுவரோரம் மணிக்கணக்கில் நிற்க வைத்தல், இடைவிடாத இரைச்சல், தூக்க மறுப்பு, பட்டினி. வன்முறையை அடக்கவென்று செய்த வேலை இது. ஆனால் மறு ஆண்டு, 1972, அங்கே பல ஆண்டு நீடித்த மோதல் காலம் முழுவதிலும் அதிகம் பேர் செத்த ஆண்டாயிற்று.

ஆகவே மேடைப் பேச்சுகளைச் சேகரிப்பதைவிட, பிடித்து வைத்தவர்களைப் பதியும் காவல் பதிவேட்டைத் தேடு. 2006ஆம் ஆண்டின் வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கையில் 17ஆம் பிரிவு, அந்தப் பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது: யார், எந்த இடத்தில், எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் உத்தரவில், என்ன காரணத்துக்காக, உடல்நிலை என்ன, எப்போது விடுதலை அல்லது எங்கே மாற்றம். முதலில் நேரத்தைப் பார். வீட்டார் விடிகாலை 4 மணி என்கிறார்கள், பதிவேடோ மறுநாள் மாலை 6 மணி என்கிறது. நடுவில் 38 மணி நேரம் அந்த ஆள் சட்டப்படி எங்கேயும் இல்லை. அடி விழுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். நீதிபதி முன் நிறுத்த 48 மணி நேரம் பொதுவாகப் போதும் என்பது ஐ.நா. மனித உரிமைக் குழுவின் நிலைப்பாடு. பிந்திப் பதிந்தால் அந்தக் கடிகாரமே பிந்தித்தான் ஓடத் தொடங்கும்.

ஒரு வாரப் பதிவுகள் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே சீராக இருந்தால் பின்னால் உட்கார்ந்து எழுதியது என்று சந்தேகப்படு. வரிசை எண் விட்டுப் போயிருக்கிறதா, தாள் செருகியிருக்கிறதா என்றும் பார். பதிவேட்டைக் காட்ட மாட்டார்கள் என்றால் மருத்துவமனைச் சேர்க்கைப் புத்தகம், சிறை வாசல் பதிவு, நீதிமன்றத்தில் நிறுத்திய நேரம் ஆகியவற்றை வைத்துச் சுற்றி வளை.

சட்டமே ஓட்டையைத் திறந்து வைப்பதும் உண்டு. இலங்கையில் 1983 ஜூனில் வந்த அவசரகால ஒழுங்குவிதி 15ஏ, பாதுகாப்பு அமைச்சின் செயலாளர் ஒப்புதல் தந்தால் மரண விசாரணை இல்லாமலே உடலைப் புதைக்கவோ எரிக்கவோ இடம் கொடுத்தது. அடுத்த மாதம் கறுப்பு ஜூலை. வன்முறை வெடித்த தேதியோடு, அதற்கு முந்திய மாதங்களின் அரசிதழையும் புரட்டு.

சாட்சியம் எடுக்கும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேள். கூட்டத்தில் கேட்டால் ஒருவர் சொன்னது இன்னொருவர் நினைவில் ஒட்டிக்கொள்ளும். 'அடித்தார்களா?' என்று ஆரம்பிக்காதே, 'அதற்குப் பிறகு என்ன நடந்தது?' என்று விடு. கண்ணால் கண்டது, காதால் கேட்டது, ஊகித்தது மூன்றையும் பிரித்து எழுது. தேதி பலருக்கு நினைவிருக்காது. பரீட்சைக்கு முந்தியா, பௌர்ணமிக்குப் பிந்தியா என்று ஏதாவதொன்றோடு கட்டிக் கேள். வேறு அமைப்பு ஏற்கெனவே பேட்டி எடுத்திருந்தால் திரும்பவும் எடுக்காதே. நான்கு வாக்குமூலத்தில் நான்கு சிறு வேறுபாடு வரும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

காயத்தை முதலில் தள்ளி நின்று உடலோடு சேர்த்துப் படமெடு, பிறகு பக்கத்தில் அளவுகோல் வைத்தும் வைக்காமலும் எடு. கன்றிப்போன தோல் நாளுக்கு நாள் நிறம் மாறும், ஆகவே மருத்துவர் அன்றே பார்க்கட்டும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. தரம் குறைவதோடு, எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வை. அதன் ஹாஷ் எண்ணை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் கைரேகை போன்ற எண்ணை, அன்றே குறித்துக்கொள். பின்னால் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுக்கும்.

பட்டியலில் இருப்பவர்களே மொத்த எண்ணிக்கை என்று எங்கேயும் எழுதிவிடாதே. தென் அமெரிக்க நாடான பெருவில் உள்நாட்டுப் போரை ஆராய்ந்த உண்மை ஆணையம் 2003இல், இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் என்று பெயரோடு திரட்டியது 23,969 பேரை. பல பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணித்தபோது இறந்தோர் 69,280 என்று வந்தது. பலியானவர்களில் பெரும்பகுதி கெச்சுவா முதலிய பூர்வகுடி மொழி பேசிய கிராமத்தார். யாரும் போய்க் கேட்காத ஊரில் யாரும் சாகவில்லை என்று உன் அட்டவணை சொல்லும்.

கடைசியாக ஒன்று. சாட்சிகளின் குறியீட்டு எண் ஒரு நோட்டில், அந்த எண் யாருடையது என்பது வேறு இடத்தில். இரண்டும் ஒரே பையில் சோதனைச் சாவடியைத் தாண்டக் கூடாது. பெயரைப் பயன்படுத்தச் சம்மதமா, நீதிமன்றத்துக்குத் தரச் சம்மதமா என்பதைத் தனித்தனியாகக் கேள். நேற்றுச் சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால், எடுத்துவிடு.

அப்பா