பையனுக்கு சவுண்ட் கார்டு வேண்டாம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். கடையை இப்போது தம்பி மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் சாயங்காலம் போய் உட்கார்ந்து, அவன் செய்கிற வேலையில் நாலு குறை சொல்லிவிட்டு வருகிறேன். லேப்டாப்புக்கு ஸ்கிரீன் மாற்றுவது, எஸ்எஸ்டி போடுவது, இதுதான் இன்றைக்குப் பிழைப்பு. சவுண்ட் கார்டு, அதாவது கணினிக்குள் ஒலிக்கென்று தனியாகச் செருகும் அட்டை, கேட்டு ஆள் வந்து வருஷக்கணக்காகிறது. உன் பையன் கேட்கிறான் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அவனைத் திட்டாதே. சவுண்ட் கார்டு போட்டால் கேமில் ஃபிரேம், அதாவது ஒரு நொடியில் திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை, ஏறும் என்பது வெறும் கட்டுக்கதை இல்லை. அவன் பிறப்பதற்கு முன்னால் அது ஓரளவு நிஜம். பென்டியம் 3 காலத்தை நினைத்துப் பார். பிராசஸரில் இருந்ததே ஒரு கோர், கணக்குப் போடுகிற ஒரே மூளை. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே படுகிறது என்ற கணக்கெல்லாம் அதன் தலையில்தான். கூடவே பத்திருபது சத்தங்களைக் கலந்து, எது எந்தக் காதில் எவ்வளவு விழவேண்டும் என்பதையும் அதுவே பார்க்கவேண்டும். 1998-ல் கிரியேட்டிவ் கம்பெனி கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டில் இதற்கென்றே தனிச் சிப் இருந்தது. கலக்குகிற வேலையை அது எடுத்துக்கொள்ளும், பிராசஸருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். அதோடு குகைக்குள் போனால் எதிரொலி, தண்ணீருக்குள் இறங்கினால் அமுங்கிய சத்தம் என்று அந்தக் கார்டின் இஏஎக்ஸ் என்ற ஒலி நுட்பம் செய்த வித்தைகளை நாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோமே!

அதே காலத்தில் ஆரியல் என்ற கம்பெனியின் ஏ3டி என்ற ஒலி நுட்பம் இன்னும் ஒரு படி மேலே போனது. சுவர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, சத்தம் அதில் பட்டுத் திரும்புவதைக் கணக்குப் போட்டது. தனிக் கார்டு இருந்தும் அந்தக் கணக்கில் ஒரு பங்கு பிராசஸர் தலையில்தான் விழுந்தது, ஃபிரேம் இறங்கவே செய்தது. ஆக, அந்த நாளிலும் நல்ல சத்தமும் வேகமும் எப்போதும் சேர்ந்தே வரவில்லை. சிங்கப்பூர் கிரியேட்டிவ் ஆரியல் மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. 1999 டிசம்பரில் தீர்ப்பு ஆரியல் பக்கம்தான் வந்தது. ஆனால் வழக்குச் செலவிலேயே நொடிந்து, அடுத்த வருஷம் திவாலாகி, கடைசியில் கிரியேட்டிவ் கைக்கே போய்ச் சேர்ந்தது. எனக்கு இன்னும் அந்தக் கம்பெனி மேல் ஒரு பரிதாபம் உண்டு.

கதை மாறியது விண்டோஸ் விஸ்டாவில், 2007-ல். சவுண்ட் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், தகராறு பண்ணினால் விண்டோஸே நீலத் திரையோடு படுத்துவிடும், ஞாபகம் இருக்கிறதா? மைக்ரோசாஃப்ட் ஒலி வேலையின் பெரும் பகுதியை விண்டோஸின் அடிவயிற்றிலிருந்து வெளியே எடுத்தது. டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸ் ஒலி மென்பொருள் வழியாக கேம் நேராக கார்டின் சிப்பிடம் வேலை கொடுக்கிற பாதை அதோடு அடைபட்டது. பழைய கேம்களில் இஏஎக்ஸ் மௌனமாகிவிட, கிரியேட்டிவ் ஆல்கெமி என்று ஒரு மென்பொருள் கொடுத்து ஒட்டுப்போட்டது. புதுக் கேம்கள் எல்லா ஒலியையும் பிராசஸரிலேயே கலந்து, முடிந்த சரக்காகத்தான் அனுப்புகின்றன. இப்போது கார்டுக்கு மிஞ்சியது, வந்த எண்களை மின் அலையாக்கி ஹெட்போனுக்குத் தள்ளுவதும், மேலே கொஞ்சம் மசாலா தூவுவதும். ஆறு எட்டு கோர் உள்ள பிராசஸருக்கு ஒலி ஒரு சுமையே இல்லை.

பையன் நம்பவில்லை என்றால் ஒரு சோதனை சொல்லிக்கொடு. கேமில் ஒரே இடத்தில், ஒரே செட்டிங்கில் ஃபிரேமைக் குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் ஒலிச் சாதனத்தையே முடக்கிவிட்டுத் திரும்பவும் பார்க்கட்டும். சத்தமே இல்லாதபோது எத்தனை ஃபிரேம் கூடுகிறதோ, உலகத்திலேயே விலை உயர்ந்த கார்டு வாங்கினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைக்கும். தம்பி மகனை விட்டுக் கடையில் செய்து பார்த்தேன். இரண்டு தடவை அளந்தாலே ஏற்ற இறக்கம் வருமே, அதைத் தாண்டி எதுவும் இல்லை.

அந்தக் காசை வேறு இடத்தில் போடு. அவன் கணினியில் ராம் ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா என்று பார். இருந்தால் அதே மாதிரி இன்னொன்று போட்டால் டூயல் சேனல் வரும், அதாவது இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அதற்கு ஃபிரேம் நிஜமாகவே ஏறும்.

சத்தத்தில்தான் குறை என்றால் அது தனிச் சமாச்சாரம். ஹெட்போனை கேபினெட்டின் முன்பக்க ஓட்டையில் மாட்டி, மவுஸை நகர்த்திப் பார்க்கச் சொல். நகர்த்தும்போதெல்லாம் காதில் 'கிர்ர்' என்று கேட்டால், உள்ளே கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகிற அந்த மெல்லிய வயர் இரைச்சலை வாங்குகிறது என்று அர்த்தம். பின்பக்கம் மதர்போர்டில் இருக்கும் பச்சை ஓட்டையில் மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் சின்னதாக ஒரு யூஎஸ்பி டிஏசி, அதாவது கணினிக்கு வெளியே இருந்து எண்களை ஒலி அலையாக்கும் கருவி, போதும். ஹெட்செட்டே யூஎஸ்பி வயர் என்றால் சவுண்ட் கார்டு முழு வீண், ஏனென்றால் அதற்கு வேண்டிய சிப் ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. புளூடூத் வேண்டவே வேண்டாம், சுட்ட பிறகு சத்தம் வரும்.

எதிரி காலடி எந்தப் பக்கம் என்று தெரியவேண்டும், அதானே அவனுக்கு? வேலரன்ட் கேமில், ஹெட்போனில் சத்தம் வரும் திசையைக் காதுக்குக் காட்ட எச்ஆர்டிஎஃப் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு, ஹெட்செட்டின் 7.1 சரவுண்டையும், விண்டோஸ் சோனிக் என்ற விண்டோஸின் சரவுண்ட் வசதியையும் அணைத்துவிடச் சொல். இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பிப்போகும். இந்தப் பிள்ளைகள் இருக்கிற பட்டனை எல்லாம் ஆன் செய்வார்கள். முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும்.

ஹெட்செட் என்ன மாடல், ராம் எத்தனை குச்சி என்று அவனிடம் கேட்டு எழுது. ராம் வேண்டுமென்றால் நானே வாங்கி வைக்கிறேன், தைக்கு அங்கே வரும்போது மாட்டிவிடலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
செல்வம்