கதையை மட்டும் போடாதீங்க, திருத்தினதையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல நீங்க போடுற வாசகர் சிறுகதைய எங்க ஊர்ல எழுதிப் பழகுற பசங்க பொண்ணுங்க எல்லாரும் விடாம படிக்கிறாங்க, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா எங்களுக்கு ஒரு குறை இருக்கு. பேப்பர்ல வர்றது செதுக்கி முடிச்ச கதை மட்டும்தான். உங்க கைக்கு வந்தப்ப அது எப்படி இருந்துச்சு, எங்க வெட்டினீங்க, எந்த வரிய ஏன் மாத்தினீங்க, இதெல்லாம் ஆபீஸுக்குள்ளயே நின்னு போயிடுது. புதுசா எழுதுறவங்களுக்கு அதுதான் சார் பாடம்.

எங்க ஊர் லைப்ரரில சாயங்காலம் கொஞ்ச பேர் உக்காந்து, எழுதினத ஒருத்தருக்கொருத்தர் வாசிச்சுக் காட்டுவோம். தீப்பெட்டி ஆபீஸ் வேலைய முடிச்சுட்டு வர்ற ஒரு பொண்ணு ஒரு கதை கொண்டு வந்துச்சு, திருநெல்வேலி போற பஸ்ல அம்மாகூட சண்டை போட்டுட்டு பாதி வழில இறங்கிப் போற ஒருத்தியப் பத்தி. நல்ல கதை, ஆனா அவ காலைல எந்திரிச்சு காபி குடிச்சு சடை பின்னி பஸ் ஸ்டாண்டு வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு பக்கம் ஓடிருச்சு. சத்தமா வாசிம்மான்னோம். பஸ்ஸுக்குள்ள வந்த பிறகுதான் அந்தப் பொண்ணு குரல்லயே ஒரு வேகம் வந்துச்சு, அதுவே பேனாவ எடுத்து முதல் ரெண்டு பக்கத்துக்கும் குறுக்க கோடு போட்டுருச்சு, நாங்க ஒண்ணும் சொல்லல. பின்னாடி ‘அவளுக்கு அடக்க முடியாத கோபம் வந்தது’ன்னு ஒரு வரி. அதை அடிச்சுட்டு, ‘டிக்கெட்டுக்குப் பின்னால் கண்டக்டர் எழுதிக் கொடுத்த பாக்கியைக்கூட வாங்காமல் இறங்கினாள்’னு எழுதிச்சு. அந்த ஒரு வரியிலயே கதை எந்திரிச்சு நின்னுருச்சு.

ரெண்டு நாள்ல எழுத்தாளர் ஆகலாம்னு பீஸ் கட்டிப் போய்ட்டு வந்தவங்களும் எங்ககிட்ட இருக்காங்க. சர்டிபிகேட் குடுத்தாங்களே தவிர, அவங்க எழுதினத ஒருத்தரும் வரி வரியா படிச்சுச் சொல்லல. இந்தப் பக்கத்துல இடைசெவல்னு ஒரு சின்ன ஊரு, எழுத்தாளருங்க கி.ராவும் (கி.ராஜநாராயணன்) கு.அழகிரிசாமியும் அங்க பொறந்தவங்கதான், ரெண்டு பேருமே 1923. கி.ரா பள்ளிப் படிப்ப முடிக்காதவர், முப்பது வயசுக்கு மேலதான் கதை எழுத வந்தார். அவங்க ரெண்டு பேரும் கடுதாசி எழுதிக்கிட்டே இருந்தவங்க, அழகிரிசாமி எழுதின கடிதங்கள் புஸ்தகமாவே வந்திருக்கு. எழுதுறவனுக்கு அப்படி ஒரு கூட்டாளி வேணும், அது அமையாத ஊர்ப் பிள்ளைங்க யார்கிட்ட போவாங்க சொல்லுங்க.

தினப்பழக்கம்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. மூடு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காம தினமும் ஒரே நேரத்துல அரை மணியாவது உக்காரணும், டீக்கடைல பஸ்ல காதுல விழுற பேச்ச அப்படியே ஒரு சின்ன நோட்டுல குறிச்சுக்கணும், எழுதினத ஒரு வாரம் மூடி வச்சுட்டு அப்புறம் வாய்விட்டுப் படிக்கணும். நாக்கு தட்டுற இடத்துல வாக்கியம் சரியில்லன்னு அர்த்தம். எழுத தனி ரூம் இல்லையேங்கிற பிள்ளைங்களுக்கு அசோகமித்திரனத்தான் சொல்லுவேன், தி.நகர் நடேசன் பூங்கால உக்காந்து எழுதினவர் அவர்.

நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான் சார். மாசம் ஒரு தடவை, எழுதினவங்க சம்மதத்தோட, ஒரு கதையோட முதல் பக்கத்த வந்தபடியே போடுங்க, பக்கத்துலயே நீங்க திருத்தினதப் போடுங்க, கீழ ஏன்னு நாலு வரி. இடம் இல்லன்னா ஒரு பத்தி போதும். வேண்டாம்னு ஒதுக்குற கதைக்கும் எங்க சறுக்குச்சுன்னு ஒரு வரி எழுதி அனுப்ப முடிஞ்சா ரொம்ப உபகாரமா இருக்கும், இப்ப பதிலே வராம பல பேரு அதோட எழுதறதையே விட்டுடுறாங்க.

முதல்ல யாரோடத வெட்டுறதுன்னு தயங்க வேண்டாம். எங்க பிள்ளைங்ககிட்ட கேட்டுட்டேன், அவங்க சம்மதிச்சுட்டாங்க, நீங்க சரின்னு சொன்னா அடுத்த வாரமே அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி