இரண்டாவது ஜர்னல்

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

அம்மாவுக்கு நீ அனுப்பிய போட்டோவை நானும் பார்த்தேன். நீ இளைத்துவிட்டாய் என்று அவள் புலம்புகிறாள். எனக்கு உன் பின்னால் மேசையில் கிடந்த எஞ்சின் கிராங்க் தண்டுதான் கண்ணில் பட்டது. இரண்டாவது கான்ராட் ஜர்னலில், பிஸ்டன் தண்டு பூட்டும் அந்த உருளைப் பகுதியில், கோடு விழுந்திருக்கிறது, ஓரத்தில் நீலமும் பாய்ந்திருக்கிறது. நீ என்னிடம் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே இழுத்துப் பார். மாட்டாவிட்டால் பாலிஷிலேயே போய்விடும். மாட்டினால் கிரைண்டிங்தான். ஆனால் அதற்கு முன்னால் விரிசல் இருக்கிறதா என்று பார். நீலம் என்றால் மேலே சுற்றியிருக்கும் பேரிங் பிடித்து ஜர்னல் சூட்டில் காய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் கடினம் குறைந்திருக்கும், மயிரிழை விரிசலும் ஓடியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனைக்குக் கொடு. ஆயில் ஹோல் வாயையும், ஜர்னல் பக்கத் தகடான வெப்போடு சேரும் உள்வளைவையும் குறிப்பாகப் பார்க்கச் சொல். உள்வளைவில் விரிசல் இருந்தால் பேச்சே வேண்டாம், வேறு கிராங்க் வாங்கு. வெல்டிங் வைத்துத் தேற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதே.

விரிசல் இல்லையென்றால் அளவு. ஒவ்வொரு ஜர்னலிலும் இரண்டு ஓரத்திலும் மைக்ரோமீட்டர் வை, ஆயில் ஹோலை விட்டுத் தள்ளி. அதே இடத்தில் 90 டிகிரி திருப்பி இன்னொரு தடவை. ஓர் இடத்தின் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஓவல், இரண்டு ஓரத்துக்கும் உள்ளது டேப்பர். அந்த எஞ்சின் மேனுவலில் போட்டிருக்கும் எல்லைதான் கணக்கு, பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பது கணக்கில்லை. கிராங்க் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னல்களில் இரு முனையிலும் இருப்பவற்றை வி-பிளாக்கில் வைத்து, நடு மெயினில் டயல் கேஜ் வைத்து மெதுவாகச் சுற்று. முள் மொத்தம் ஆடுவதில் பாதிதான் வளைவு.

கடைந்து சிறுத்த ஜர்னலுக்கான அண்டர்சைஸ் பேரிங் பெரும்பாலும் 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று வரும். சில எஞ்சினுக்கு 0.50-ஓடு சரி. கிரைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்பே அந்த சைஸ் பேரிங் கையில் இருக்க வேண்டும். ஒரு ஜர்னல்தான் கெட்டது என்று அதை மட்டும் கடையாதே. மோசமானது எந்த சைஸில் சுத்தமாகிறதோ, எல்லா கான்ராட் ஜர்னலும் அந்த சைஸுக்கு வர வேண்டும். நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கிய, அதாவது நைட்ரைடிங் செய்த கிராங்க் என்றால் கடினப் படலம் மிக மெல்லியது, கடைந்தால் போய்விடலாம். திரும்ப நைட்ரைடிங் செய்ய ஆகும் செலவைச் சேர்த்துப் பார்த்தால் புதுசே லாபமாக இருக்கலாம்.

உள்வளைவைக் கூர்மையாக விட்டுவிட்டால் கிராங்க் அங்கேதான் ஒடியும். வேலை முடிந்து வந்ததும் அதை ரேடியஸ் கேஜ் வைத்துப் பார். ஆயில் வழியின் பிளக்குகளைக் கழற்றிக் கழுவு. உள்ளே கிரைண்டிங் தூள் நின்றால் புது பேரிங் போச்சு. பூட்டும்போது, நசுங்கி அளவு காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி பார், 60 மி.மீ. ஜர்னலுக்கு 0.06 மி.மீ. சுமார், மறுபடியும் மேனுவலைப் பார். அந்த இரண்டாவது கான்ராடின் பெரிய துளையையும் அளந்துவிடு, சூட்டில் அதுவும் கோணியிருக்கும். மற்றவை நன்றாக இருக்க அது மட்டும் ஏன் காய்ந்தது என்று தெரியாமல் பூட்டாதே. விரிசல் சோதனையை மறக்காதே.

தனியாக இவ்வளவு பெரிய வேலையை எடுத்திருக்கிறாய். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அதை என்னிடமே நீ சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு நீ இரண்டு தடவை தப்பாக அளக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் மைக்ரோமீட்டரை உன் கையிலிருந்து பிடுங்கினேன் அல்லவா? அதற்கப்புறம் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. நீ அளந்த விதம் சரி பாப்பா. கருவி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் உன்னிடம் கொடுத்தது நான். சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்லவில்லை.

அளக்கும் முன் பூஜ்யம் பார். அளவுகளை எழுதி அம்மாவுக்கே அனுப்பு, போதும். நான் வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா