தேறாத இரண்டு முறையும் கூட இருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

சி.ஏ. ஃபைனல், அதாவது பட்டயக் கணக்காளர் ஆவதற்கான கடைசிக் கட்டத் தேர்வை முடித்துவிட்டேன். வாழ்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் இந்த மடல், நான் தேறாமல் போன இரண்டு முறையும் கூட இருந்தவர்களுக்கு.

தாள்கள் இரண்டு குரூப்பாகப் பிரிந்திருக்கும். முதல் முறை குரூப் ஒன்றில் எனக்கு மொத்தம் 152. மூன்று தாளும் சேர்த்து 150 போதும். ஆனால் தாளுக்குத் தாள் 40 வேண்டுமே! நிதி மேலாண்மையில் 36தான். ஆடிட்டில் 64 எடுத்ததால் அதற்கு மட்டும் எக்ஸம்ப்ஷன் கிடைத்தது, அதாவது அடுத்த முறை அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டாம், அதே மார்க்கே கணக்கில் சேரும். அன்று இரவு முழுக்கப் பேப்பர் திருத்தியவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கச் சொன்னது ஆபீஸ் சீனியர் அக்கா. நகல் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். அந்நியச் செலாவணிக் கணக்கில் வாங்கும் விலை போட வேண்டிய இடத்தில் விற்கும் விலையைப் போட்டிருந்தேன். விடை வந்த வழியைக் காட்டும் வொர்க்கிங் நோட் எழுதியிருந்தால் அப்போதும் ஸ்டெப் மார்க் விழுந்திருக்கும். நானோ கால்குலேட்டரில் தட்டி விடையை மட்டும் எழுதிவைத்திருந்தேன். "இதுக்கு எப்படிம்மா மார்க் போடுவாங்க?" என்று கேட்டீர்கள். அழுகை வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குத்தான் முதல் நன்றி, அக்கா.

அடுத்த முறை அந்தத் தாளில் 43. அதையே படித்துக்கொண்டு கிடந்ததில், மூன்றாவது தாளான ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் 52லிருந்து 41க்கு இறங்கிவிட்டது. எக்ஸம்ப்ஷன் 64ஐயும் சேர்த்து 148. இரண்டு மார்க்!

அன்றே திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். பனியன் கம்பெனியில் பவர்டேபிள் தையல் மெஷின் மிதித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அப்பா, "சரி கண்ணு, சாப்புட்டுத் தூங்கு" என்றார். மறுபடி எழுதுவாயா என்று அவரும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. எழுதுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது முறைக்கு என் ரூம்மேட்தான் காவல். ஞாயிறுதோறும் மதியம் 2 மணிக்கு மாதிரித் தாளைக் கொடுப்பாள். 5 அடித்ததும் பாதி வரியில் பிடுங்கிக்கொள்வாள். நேரத்துக்குள் எழுதிப் பழகியது அப்படித்தான். டாக்ஸ் ஆடிட் வேலை குவிந்துகிடந்த மாதத்தில் லீவு கொடுத்த ஆடிட்டர் சாருக்கும், என் ஃபைல்களைப் பங்கு போட்டு முடித்த ஆர்ட்டிக்கிள் பயிற்சியில் இருக்கும் தம்பிகளுக்கும் நன்றி. அப்புறம், இரண்டாவது குரூப் முதல் முறையே தேறியதும் இந்தப் பழக்கத்தால்தான்.

அந்த 36 மார்க் விடைத்தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஃபைனல் எழுதப்போகும் தம்பி, தங்கைகள் யார் கேட்டாலும் தருகிறேன். சிவப்புப் பேனாவில் அக்கா எழுதிய குறிப்புகளும் அதில் அப்படியே இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் தங்கை